எழுந்திரு படையின் முதல் ஆள்

உட்காரு தங்கச்சி. சும்மா உட்காரு. துண்டு போட்டிருக்கிறதே என்று பார்க்காதே. அது என் மகளுக்குப் போட்ட இடம். அவள் வரவில்லை. வண்டி எடுத்தாயிற்று, இனிமேல் எங்கே வரப்போகிறாள்? எனக்குத்தான் துண்டை எடுக்க மனசு வரவில்லை. கண்டக்டர் வந்து முறைத்துவிட்டுப் போனான். முறைத்தால் முறைக்கட்டும்.

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுகிறாயா? காற்று அடித்தால் எனக்கு இந்தக் காது குடையும். கேட்பதும் மந்தம்தான். ஏதாவது சொன்னால் கொஞ்சம் சத்தமாகச் சொல்.

நீ எங்கே இறங்கவேண்டும்? வத்தலக்குண்டா? அப்படியானால் எனக்குப் பிறகுதான். நான் ஊத்துப்பட்டி விலக்கு, ஊருக்கு ரோடு பிரிகிற இடம். அங்கே எங்கள் வீட்டுக்காரர் வந்து நிற்பார். மாப்பிள்ளையும் நிற்பார். "மகளக் கூட்டிக்கிட்டு வா. இல்லைன்னா அந்த விலக்குல எறங்கின காலோட உன்னைய அங்கனயே வெட்டிப் பொலி போட்ருவேன்" என்று சொல்லித்தான் காலையில் ஏற்றிவிட்டார். அவர் பேச்சு அப்படித்தான், பயந்துகொள்ளாதே. ஆனால் சொன்னால் செய்கிற மனுஷன். ஒரு வேலை சொல்லி அனுப்பினால் அதை முடித்துக்கொண்டு வரத் தெரியவேண்டும் அல்லவா? எனக்குத் தெரியவில்லை. எல்லாம் அந்த டீச்சரால் வந்தது.

எந்த டீச்சரா? லீதியாள் டீச்சர். அல்லிக்குளத்தில் பச்சைக் கேட் போட்ட இடம் ஒன்று இருக்கிறதே, சுவர் முழுக்கக் கண் கண்ணாக வரைந்து வைத்திருப்பார்களே, அது அவர்கள் இடம்தான். எழுந்திரு பெண்கள் படை. டிவியில்கூடக் காட்டினார்கள். இப்போது பத்து ஊரில் கிளை இருக்கிறதாம். காலேஜ் பிள்ளைகள் எல்லாம் சேர்கிறார்களாம். அந்தப் படையின் முதல் ஆள் யார் தெரியுமா? நான்தான். சீனித்தாய். எட்டாம் வகுப்பு. நம்பாவிட்டால் போ. டிவியில் பேசின பிள்ளைகள் ஒருத்திக்கும் என் பெயர் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

டீச்சர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராக வந்தார்கள். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். கல்யாணம் ஆகவில்லை. பேச்சே எங்களுக்குச் சிரிப்பாக வரும். "ஏட்டி, என்ன செய்யுத? ஓடுட்டி!" என்று கத்துவார்கள். ஊர்க்காரர்கள், "இந்தம்மாவ யாரு கட்டுவா, கட்டினவன் கிரவுண்டச் சுத்தி ஓடணும்ல" என்று சிரிப்பார்கள். எங்கள் அப்பாதான் முதலில் அப்படிச் சொன்னது.

அவர்கள் பாட்டுக்குக் கயிறு தாண்டவிட்டு, பந்து போடவிட்டு இருந்திருப்பார்கள். ஜெயக்கொடியால்தான் எல்லாம் மாறிப்போயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. யாரோ ஒரு பையனிடம் தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசினாளாம். அவள் அண்ணன் செல்லப்பாண்டி, நாங்கள் வரிசையாக நிற்கிற நேரத்தில் நேராகக் கிரவுண்டுக்குள் வந்துவிட்டான். இடுப்பு பெல்ட்டைக் கழற்றினான். சடையைப் பிடித்துக் கீழே தள்ளி, அவள் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அடித்தான் பார். பெல்ட்டின் இரும்பு போய் அவள் மண்டையில் பட்டு, சத்தம் கேட்டது. தேங்காய் விடலை போடுகிற மாதிரி. டீச்சர் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தார்கள். அவர்களுக்கும் முதுகில் விழுந்தது. நாங்கள் அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றோம். என் பக்கத்தில் நின்ற பிள்ளை காதையும் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் டீச்சர் எங்களைக் கிரவுண்டில் நிற்க வைத்தார்கள். முகம் வீங்கிப்போய் இருந்தது. ராத்திரியெல்லாம் அழுதிருப்பார்கள் போல.

"அவன் அடிச்சது ஆறிப்போவும் பிள்ளைகளா. நீங்க அத்தனை பேரும் கண்ண மூடிக்கிட்டு நின்னியளே, அதுதான் எனக்கு ஆறல. கண்ண மூடுனவளுக்கு அடி மட்டும்தான் தெரியும். அடிக்கிற கை தெரியாது. கை தெரிஞ்சாத்தான அதப் பிடிக்க முடியும்? இன்னையிலேருந்து முதல்ல பாக்கப் படிப்போம். பிடிக்கதப் பொறவு சொல்லித்தாரேன்."

அப்படித்தான் ஆரம்பம். யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தியும் அசையவில்லை. நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. வீட்டில் எங்கள் அப்பாவிடம் தினமும் வாங்குகிறவள்தானே, இதில் என்ன புதிதாக என்று போயிருப்பேன். டீச்சர் என்னை எதிரே நிறுத்தி, கையை ஓங்கி, கன்னத்தில் ஒன்று வைத்தார்கள். ரொம்ப மெதுவாகத்தான். நான் கண்ணை மூடவில்லை. பொட்டுகூட அசையவில்லை. டீச்சர் என்னையே பார்த்தார்கள். "ஏட்டி, உனக்கு இது ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, ஒருத்தி ஓங்கவேண்டும், மற்றவள் கையைப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிவிட்டால் திரும்ப முதலிலிருந்து. எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஊர்ப் பயல்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எழுந்திரு படை வருதுடோய், எல்லாரும் உக்காருங்கடா" என்று கத்துவார்கள். பெரிய டீச்சர் கூப்பிட்டு, "பொம்பளப் பிள்ளைகள அடிச்சுப் பழக்குறது என்ன விளையாட்டு லீதியாள்?" என்று கேட்டதற்கு, "வீட்ல யாரும் அடிக்கலைன்னா நிறுத்திருதேன்" என்றார்களாம். பியூன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

படைக்கு ஒரு பழக்கம் உண்டு. நம் பிள்ளை ஒருத்தியை எந்த வீட்டிலாவது அடித்தால், எல்லாரும் போய் அந்த வீட்டு வாசலில் வரிசையாக நிற்கவேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. அடிக்கிறவனைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். அவ்வளவுதான். இப்போதும் அதைத்தான் செய்கிறார்களாம்.

முதலில் நின்றது ஜெயக்கொடி வீட்டு முன்னால். தலையில் கட்டோடு இருந்த பிள்ளையைச் செல்லப்பாண்டி மறுபடியும் அடிக்கிறான் என்று தெரிந்து போனோம். அவன் வெளியே வந்து பார்த்தான். முதலில் சிரித்தான். அப்புறம் வைதான். வாயில் வராத வசவெல்லாம் வைதான். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். "என்னங்கடி மொறைக்கிறீங்க" என்று சொல்லிக் கல்லை எடுத்து எறிந்தான். அதில் ஒன்று, இதோ பார், இந்தப் புருவத்தில். தொட்டுப் பார், பள்ளம் தெரியும். ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு கண்ணில் ஊரே சிவப்பாகத் தெரிகிறது. நான் மூடவில்லை. அப்புறம் அவன் போர்வெல் இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். எனக்குத்தான் ஓங்கினான். டீச்சர் கையைக் குறுக்கே கொடுத்தார்கள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து, கை இன்னொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அந்தக் கோணக் கையோடு டீச்சர் அப்படியே நின்று அவனைப் பார்த்தார்கள். அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் ஜெயக்கொடியைத் தொடவில்லை. அவள் படித்து, இப்போது எங்கேயோ நர்சாக இருக்கிறாளாம். என்னைப் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது.

கையை ஸ்கிப்பிங் கயிற்றால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு டீச்சர் என்னிடம் வந்தார்கள். முந்தானையால் என் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துக்கிடுங்க பிள்ளைகளா, இவதான் படை" என்றார்கள். இவதான் படை! அப்படி ஒரு வார்த்தை என்னை யாரும் சொன்னதில்லை. அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பின்னாலும் இல்லை.

அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பா என்ன செய்தார் என்கிறாய்? மாட்டுச் சாட்டையை எடுத்தார். "இந்த மூஞ்சிய இனி எவன்டி கட்டுவான்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் சாட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. அம்மா கத்துகிறாள், "கண்ண மூடித் தொலையேன்டி, அழுது தொலையேன்டி!" நான் அழவில்லை. படித்த பாடத்தை மறப்பேனா?

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது. விஷயம் தெரிந்து டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வரிசையாக நிற்கிறார்கள். டீச்சர் கையில் மாவுக்கட்டு. நான் உள்ளே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு மானம் போயிற்று. செல்லப்பாண்டி ரவுடி, அவன் வீட்டு முன்னால் நின்றோம், சரி. எங்கள் அப்பா என்ன ரவுடியா? ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"போங்க டீச்சர்! எங்கப்பாதான அடிக்கிறாரு, வேற யாரும் இல்லையே!"

டீச்சர் அசையவில்லை. "சீனி, கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வாட்டி. இன்னும் பாதிப் பாடம் இருக்கு" என்றார்கள்.

எனக்கு எதற்குப் பாதிப் பாடம்? நான்தான் எல்லாரையும்விட நன்றாகப் படித்தவள் ஆயிற்றே. ஜன்னலைச் சாத்திவிட்டேன். இருட்டுகிறவரை நின்றார்களாம். அப்புறம் மழை வந்ததாம்.

கையைப் பிடிக்கிற பாடத்தைப் பொங்கல் கழித்துத்தான் ஆரம்பித்தார்களாம். அதற்குள் எனக்குப் பரிசம் போட்டாயிற்று. அப்பாவின் தங்கச்சி மகன்தான். முறை மாப்பிள்ளை. வாழைத்தார் வெட்டுகிற கூலியாட்கள் கொத்துக்கு மேஸ்திரி. நல்ல கட்டு. தார் வெட்டுகிற அரிவாளை எறிந்தாரென்றால் குறி தப்பாது. குடி கொஞ்சம் உண்டு. யாரிடம் இல்லை?

அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதே. ஒரு சமயம் ரசத்துக்கு உப்புப் பற்றவில்லை என்று அம்மிக்குழவியை எடுத்தார். ஆனால் எறியவில்லை. கீழே வைத்துவிட்டார். பொறுமை உள்ள மனுஷன். கையால்தான் அடித்தார். இந்தக் காது அப்போது போனதுதான். மற்றவர்களாக இருந்தால் எறிந்திருப்பார்கள். அப்புறம் வயிற்றில் இருந்தது ஒன்று போயிற்று. அது கிணற்றடியில் வழுக்கியதாக ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டோம். அவரே சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அழுதார். அப்படி ஒரு மனசு.

என் மாமியார் சொல்வார், "நீ அப்புடி முழிச்சுப் பாக்குறதுலதான்டி அவனுக்கு வெறி ஏறுது. தலையக் குனிஞ்சுக்கிட்டா ரெண்டோட போயிரும்ல?" என்று. அவருக்கு எங்கே தெரியும் இதெல்லாம்? அவர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். எத்தனை வருஷம் ஆயிற்று, ஒரு நாள் ஒரு பொழுதுகூட நான் கண்ணை மூடியதில்லை தங்கச்சி. கை எங்கேயிருந்து வருகிறது, எங்கே விழப்போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். அது எங்கே விழுமோ அங்கே சரியாக முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நகர்ந்தால் கண்ணில் கிண்ணில் பட்டுவிடும் பார்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? பழம் சாப்பிடுகிறாயா? மகளுக்கென்று வாங்கினேன். அவளால் சாப்பிட முடியாது. வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தானே வந்தேன், எங்கேயோ போய்விட்டேன்.

வினோதா. ஒரே மகள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் டீச்சரைப் பற்றித்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். சோறு ஊட்டும்போதும் அதே கதைதான். பாடமும் நானேதான் சொல்லிக்கொடுத்தேன். எதிரே நிறுத்தி, கையை ஓங்கி, "பாரு, பாரு, கையப் பாரு" என்று ஒன்று வைப்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். திரும்ப வைப்பேன். திரும்ப மூடிக்கொள்வாள். "ஏம்மா அடிக்கிற, நான் என்னம்மா பண்ணுனேன்?" என்று கேட்பாள். அவளுக்கு மண்டையில் ஏறவே இல்லை. கை சலித்துப்போய் நானே விட்டுவிட்டேன். அவளும் டீச்சரிடம் நேராகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

நல்ல இடத்தில்தான் கொடுத்தோம். மாப்பிள்ளை டிராக்டர் வைத்திருக்கிறார். இவள் வாய் கொஞ்சம் நீளம். ஏதோ ஒரு பெண்ணின் போட்டோ அவர் போனில் இருந்ததைப் பார்த்துவிட்டு, யார் என்று கேட்டிருக்கிறாள். கேட்கலாமா? மிக்ஸி ஜாரால் முகத்தில் அடித்துவிட்டார். தாடை எலும்பு ரெண்டு இடத்தில் விட்டுவிட்டது. பல்லும் போயிற்று. கண்ணை மூடியிருப்பாள், வேறென்ன? பார்த்திருந்தால் தாடையைத் திருப்பியிருக்கலாம், கன்னத்தோடு போயிருக்கும்.

நேராக என்னிடம் வந்திருந்தால் ஒரு வாரம் வைத்திருந்து நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். அவள் வரவில்லை. ரத்தத்தோடு பஸ் ஏறி அல்லிக்குளம் போய்விட்டாள். பச்சைக் கேட் எங்கே இருக்கிறது, டீச்சர் பெயர் என்ன, எல்லாம் என் வாயால் கேட்டு வளர்ந்தவள்தானே. என் கதையை வைத்துக்கொண்டே என்னை விட்டுப் போய்விட்டாள். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?

இன்று போனேன். டீச்சருக்கு ரொம்ப வயதாகிவிட்டது தங்கச்சி. நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கோணக் கை அப்படியே மடியில் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும், புருவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

"ஏட்டி சீனி! வந்துட்டியா? உனக்காக எத்தன வருசம் அந்தக் கேட்டத் தொறந்தே போட்டிருக்கேன் தெரியுமா?"

குனிந்து அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். இருந்தாலும் வந்த காரியத்தை விடக்கூடாதே. "மகளக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர். மாப்பிள்ள தங்கமான ஆளு. விலக்குல வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

வினோதா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். முகம் பூசணிக்காய் மாதிரி. பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டினாள். வரமாட்டாளாம். நான் போய்ச் சடையைப் பிடித்தேன். பெற்றவள் பிடிக்கக்கூடாதா? இழுத்தேன். காலை ஊன்றிக்கொண்டாள். முதுகில் ரெண்டு போட்டேன். அந்த நேரம் பார், உள்ளேயிருந்து பிள்ளைகள் எல்லாரும் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. முற்றத்தில் வரிசையாக நின்று என்னையே பார்த்தார்கள். கண் கொட்டாமல் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதல் ஆள் வந்திருக்கிறாள் என்று டீச்சர் சொல்லியிருப்பார்கள். இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு மரியாதை. சடையை விட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். என் எதிரே வந்து நின்றார்கள். "சீனி, படிச்சது ஞாபகம் இருக்கா?" என்றார்கள்.

"மறப்பேனா டீச்சர்?"

நல்ல கையை ஓங்கினார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். கன்னத்தில் விழுந்தது. நான் அசையவில்லை.

"பிடிட்டி" என்றார்கள்.

"என்ன டீச்சர்?"

"கையப் பிடி. அடி விழ விடாத. பிடி." மறுபடி ஓங்கினார்கள். மறுபடி விழுந்தது. முந்தினதைவிடப் பலமாக. "பிடிட்டி சீனி, பிடி!" அந்த அம்மாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். "நான் உனக்கு இதயா சொல்லித்தந்தேன்? பாக்கதுக்கா சொல்லித்தந்தேன்? பிடிக்கதுக்குல்லா பாக்கச் சொன்னேன்! பிடி, கெஞ்சிக் கேக்கேன், பிடிட்டி!"

நீயே சொல். டீச்சர் கையை யாராவது பிடிப்பார்களா? வயதானவர்கள், கை நடுங்குகிறது. அவர்கள் ஆசைதீர அடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. இதோ, ரவிக்கையில் பார், துவைத்தாலும் போகாது.

இந்தக் கழுதை, என் மகள், என்ன செய்தாள் தெரியுமா? சுவரோரத்திலிருந்து வந்து, டீச்சர் ஓங்கின கையைக் கப்பென்று பிடித்துவிட்டாள். மேலேயே வைத்து. விழவே விடவில்லை. கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு.

எனக்கு வந்தது பார் கோபம். எவ்வளவு பெரிய மனுஷி கையை நீ பிடிப்பதா என்று அவளை அறைய ஓங்கினேன். டீச்சர் கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை! திருகவில்லை, தள்ளவில்லை, சும்மா பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அவ்வளவு பலம் அவளுக்கு எப்போது வந்தது? ரொம்ப நேரம் விடவே இல்லை. அவள் உள்ளங்கை கொதித்தது. காய்ச்சலோ என்னவோ. கேட்க நினைத்தேன், மறந்துபோனேன்.

டீச்சர் நாற்காலியில் விழுந்தார்கள், அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. "நீயும் இங்கயே இருந்துரு சீனி. உனக்கும் ஒரு பாய் போடச் சொல்லுதேன்" என்றார்கள்.

எப்படி இருப்பது? வீட்டில் மாடு கட்டிக் கிடக்கிறது. மாவுக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ராத்திரி அவருக்குச் சோறு யார் போடுவார்கள்? வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வினோதா கேட் வரைக்கும் வந்தாள். வாயைத் திறக்க முடியாமல் ஏதோ சொன்னாள். 'போகாதே' என்றாளோ, 'போய்விட்டு வா' என்றாளோ. இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன கேட்கும்? நான் கோபத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறித் துண்டைப் போட்டேன், மனசு மாறி ஓடிவந்தாலும் வருவாள் என்று.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள். பையை எடுக்கவேண்டும். விலக்கு வந்துவிட்டது. அதோ, டீக்கடைப் பந்தலுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். டிராக்டரில் உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக்காரர் தார் வெட்டப் போய்விட்டு நேரே வந்திருக்கிறார் போல, அரிவாளைக்கூட வைத்துவிட்டு வரவில்லை. எட்டி எட்டிப் பார்க்கிறார். எனக்குப் பின்னால் ஆள் இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார்.

என்ன சொல்கிறாய்? இறங்கவேண்டாமா? இறங்காமல் எங்கே போவது, வத்தலக்குண்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நீ எழுந்திருக்காதே. நீ எனக்குப் பின்னால் வந்தால் மகள்தான் வருகிறாள் என்று நினைத்து ஏமாந்துவிடுவார், அப்புறம் இன்னும் கோபம் வரும். இந்தப் பழத்தை நீயே வைத்துக்கொள்.

வண்டி இங்கே கொஞ்ச நேரம் நிற்கும், டிரைவர் டீ குடிப்பார். நீ அந்தப் பக்க ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொள் தங்கச்சி. இந்தப் பக்கம் திரும்பாதே. பழக்கம் இல்லாதவர்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.